இரு நாடுகளின் மின்வசதியை ஆண்டுவாரியாக ஒப்பிடும் முறை

கிழக்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இருக்கும் கென்யா, தான்சானியா ஆகிய இரண்டில் எந்த நாட்டில் மின்வசதி அதிகம் என்று கேட்டால், கையில் இருக்கும் அறிக்கையைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும். விளக்கெரிக்க முதன்மையாகப் பொது மின்கட்டமைப்பின் மின்சாரத்தையே பயன்படுத்தும் குடும்பங்கள் 50.4 சதவீதம் என்கிறது கென்யாவின் 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தான்சானியாவின் பெருநிலப் பகுதியில் 2020ஐ ஒட்டி நடந்த எரிசக்தி ஆய்வோ, மக்களில் சுமார் 78 சதவீதத்தினருக்கு மின்சாரம் எட்டியிருப்பதாகச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தான்சானியா வெகுதூரம் முன்னே நிற்பதாகத் தோன்றும். ஆனால் அதே தான்சானிய ஆய்வின் இன்னொரு பக்கத்தில், மின் இணைப்பு உள்ள குடும்பங்கள் சுமார் 38 சதவீதம்தான் என்ற எண்ணும் இருக்கிறது. 78 என்பது மின்கம்பி சென்றிருக்கும் பகுதிக்குள் வசிப்போரின் கணக்கு; 38 என்பது வீட்டுக்குள் மின்சாரம் வந்திருப்போரின் கணக்கு. எண்களில் பிழை ஏதும் இல்லை. அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள், அவ்வளவே.

இரு நாடுகளின் மின்வசதியைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட விரும்புவோர், அது கட்டுரைக்காக இருந்தாலும் வகுப்புப் பணிக்காக இருந்தாலும், இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். தரவைப் பதிவிறக்கிக் கோடு வரைவது பத்து நிமிட வேலை. இரண்டு கோடுகளும் ஒரே கேள்விக்கு விடை சொல்லும்படி செய்வதுதான் மீதி வேலை முழுவதும்.

முதலில் கேள்வியை முடிவு செய்தல்

'மின்வசதி' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன: வசிப்பிடத்துக்கு அருகே மின்கம்பி வந்துவிட்டதா, வீட்டுக்கு இணைப்பு இருக்கிறதா, அந்த மின்சாரத்தை உண்மையில் பயன்படுத்துகிறார்களா, பயன்படுத்தும் அளவுக்குப் போதிய நேரமும் திறனும் கிடைக்கின்றனவா. அரசுகள் பெரும்பாலும் முதலாவதையோ இரண்டாவதையோ எண்ணுகின்றன. குடும்ப ஆய்வுகள் இரண்டாவதையோ மூன்றாவதையோ கேட்கின்றன. நான்காவதை எண்ணுவோர் மிகச் சிலரே.

இந்தியாவின் கிராம மின்மயக் கணக்கு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2004இல் நடைமுறைக்கு வந்த வரையறையின்படி, ஒரு கிராமத்தில் மின்மாற்றி, கம்பி போன்ற அடிப்படைக் கட்டமைப்பு வந்து, பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் கிடைத்து, குறைந்தது 10 சதவீத வீடுகளுக்கு இணைப்பு இருந்தால் அது மின்மயமான கிராமம். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்ததும், நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டன என்ற அறிவிப்பு வந்தது. வரையறைப்படி அறிவிப்பு சரிதான். ஆனாலும் 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'சௌபாக்கியா' திட்டம் அந்த அறிவிப்புக்குப் பிறகும் வீடு வீடாக இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது. கிராமக் கணக்கை ஒரு நாட்டுக்கும் வீட்டுக் கணக்கை இன்னொரு நாட்டுக்கும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால், பயிற்சியில்லாதவர் மட்டுமல்ல, பழகியவரும் ஏமாறுவார்.

ஆகவே வேலை தொடங்குமுன் ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "நான் ஒப்பிடுவது, வீட்டில் எந்த மூலத்திலிருந்தாவது மின்சாரம் உள்ள மக்களின் சதவீதத்தை." அல்லது, "பொது மின்கட்டமைப்பில் இணைந்த குடும்பங்களின் சதவீதத்தை." குடும்பமா மக்களா என்பதையும் அந்த வரியிலேயே தீர்த்துவிட வேண்டும். இணைப்புள்ள வீடுகளில் சராசரியாக 4 பேரும் இணைப்பில்லாத வீடுகளில் 6 பேரும் இருக்கும் ஒரு நாட்டில், பாதிக் குடும்பங்களுக்கு இணைப்பு இருந்தாலும் மக்களில் 40 சதவீதத்தினருக்குத்தான் மின்சாரம் இருக்கும். ஏழைக் குடும்பங்கள் பெரியவையாக இருக்கும் இடங்களில் இந்த இடைவெளியைப் புறக்கணிக்க முடியாது.

தரவை எங்கே எடுப்பது, எப்படி நம்புவது

பெரும்பாலோர் எடுப்பது உலக வங்கியின் உலக வளர்ச்சிக் குறியீடுகளில் உள்ள தொடரை. அது 1990இலிருந்து தொடங்குகிறது. நாடு முழுவதற்கும், நகரத்துக்கும், கிராமத்துக்கும் தனித்தனி எண்களாகச் சிஎஸ்வி அல்லது எக்செல் கோப்பில் கிடைக்கும். ஐக்கிய நாடுகள் சபையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஏழாவது இலக்குக்கான முதல் குறியீடும் இதுவே. தொடக்க நிலைக்கு இது போதும். ஆனால் இந்தத் தொடர் எப்படி உருவாகிறது என்று தெரியாமல் இதை வாசிக்கக்கூடாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகள், வாழ்க்கைத்தர ஆய்வுகள் போன்ற குடும்ப ஆய்வுகளின் முடிவுகள்தான் இதன் அடித்தளம். பெரும்பாலான நாடுகளில் இவை ஆண்டுதோறும் நடப்பதில்லை. சில நாடுகளில் இரண்டு ஆய்வுகளுக்கு இடையே ஏழெட்டு ஆண்டுகள்கூட ஓடிவிடும். இடைப்பட்ட ஆண்டுகளை உலக வங்கி ஒரு புள்ளியியல் மாதிரியை, அதாவது ஒரு கணித மதிப்பீட்டு முறையைக் கொண்டு நிரப்புகிறது. அந்த மாதிரி அந்த நாட்டின் பிற ஆண்டுகளின் போக்கையும் அந்த வட்டாரத்தின் போக்கையும் சேர்த்தே மதிப்பிடுவதால், ஆய்வே நடக்காத ஓர் ஆண்டில் தெரியும் சிறு ஏற்றத்தையோ இறக்கத்தையோ பிடித்துக்கொண்டு "அந்த ஆண்டு அரசு செய்த சீர்திருத்தத்தின் விளைவு" என்று எழுதுவது, மாதிரி வரைந்த வளைவுக்கு வரலாறு கற்பிப்பதாகும். மேலும், ஐக்கிய நாடுகள் சபை வளர்ந்த நாடுகள் என்று வகைப்படுத்தியவற்றுக்கு 100 என்ற எண் அளந்து பெறப்பட்டதன்று, அனுமானமாக இடப்பட்டது. ஒப்பிடும் இரு நாடுகளில் ஒன்று அத்தகையதானால், உங்கள் வரைபடத்தில் ஒரு கோடு அளவீடு, மற்றது அனுமானம்.

சர்வதேச எரிசக்தி முகமையும் தனியாக ஒரு தொடரை வெளியிடுகிறது. அது அரசுகளும் மின்நிறுவனங்களும் தரும் இணைப்பு எண்ணிக்கையைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. மின்நிறுவனத்தின் ஏட்டில் இல்லாத இணைப்புகளும் வீட்டின் சொந்தச் சூரிய மின்தகடும் குடும்ப ஆய்வில் எண்ணப்படலாம், ஏட்டில் எண்ணப்படா; ஏட்டில் இருந்தும் கட்டணம் கட்டாமல் துண்டிக்கப்பட்ட வீடு எதிர்த்திசையில் பிழை தரும். இரண்டு தொடர்களில் எது சரி என்று தீர்ப்பளிக்கத் தேவையில்லை. ஒரு நாட்டுக்கு ஒன்றையும் மற்ற நாட்டுக்கு இன்னொன்றையும் எடுக்கக்கூடாது; ஒரே நாட்டுக்குப் பாதி ஆண்டுகளை ஒன்றிலிருந்தும் மீதியை மற்றதிலிருந்தும் ஒட்டவே கூடாது.

ஒட்டுவதால் என்ன ஆகும் என்பதை இந்தியாவின் எண்களிலேயே பார்க்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2005-06இல் மின்சாரம் இருந்த குடும்பங்கள் 67.9 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மின்சாரம் 67.2 சதவீதம். இவ்விரு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் ஐந்தாறு ஆண்டுகள் நாடு அசையாமல் நின்றது போலவும், சற்றே பின்வாங்கியது போலவும் தெரியும். ஆனால் அதே கணக்கெடுப்பு 2001இல் 55.8 சதவீதம் என்றது. பத்தாண்டில் அது 11 புள்ளிகளுக்கு மேல் ஏறியிருக்கிறது. குடும்பநல ஆய்வின் அடுத்த சுற்றான 2015-16இல் எண் 88.2. இரண்டு ஏணிகளும் ஏறிக்கொண்டேதான் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவியவருக்குத்தான் தேக்கம் தெரிகிறது. காரணம் கேள்வியில் இருக்கிறது. குடும்பநல ஆய்வு "வீட்டில் மின்சாரம் இருக்கிறதா" என்று கேட்கிறது. கணக்கெடுப்பு "வெளிச்சத்துக்கு முதன்மையான மூலம் எது" என்று கேட்கிறது. இணைப்பு இருந்தும் மாலை வேளையில் மின்சாரம் வராததால் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருக்கும் குடும்பம் முதல் கேள்விக்கு "ஆம்" என்றும் இரண்டாவதற்கு "மண்ணெண்ணெய்" என்றும் உண்மையாகவே பதில் சொல்லும்.

அட்டவணை அமைத்தல்

விரிதாளைத் திறந்ததும் ஆண்டு, நாடு, சதவீதம் என்று மூன்று நெடுவரிசைகளோடு நிறுத்திவிடுவது வழக்கம். கூடவே இன்னும் நான்கு தேவை: எண் எந்த ஆய்விலிருந்து வந்தது, கேட்கப்பட்ட கேள்வி என்ன, எண்ணப்பட்டது குடும்பமா மக்களா, எந்த நிலப்பரப்பு. மதிப்பீட்டு எண்ணா அளவீட்டு எண்ணா என்பதற்கு ஒரு குறியும் வேண்டும். இந்த நெடுவரிசைகளை நிரப்பும்போதுதான், வெறும் எண்களாக இருந்தபோது தெரியாத முரண்கள் வெளியே வரும்.

தொடக்கத்தில் பார்த்த கென்யா, தான்சானியா எண்களை இப்படி அடுக்கிப் பார்ப்போம். கென்யாவின் 2019 கணக்கெடுப்பில் மின்கட்டமைப்பு 50.4 சதவீதம், சூரிய மின்சாரம் 19.3 சதவீதம், கூட்டினால் 69.7. உலக வங்கித் தொடரில் கென்யாவின் 2019 எண் 70ஐ ஒட்டி நிற்பதைப் பார்த்தால், அது இரண்டையும் சேர்த்த எண் என்பது விளங்கும். தான்சானியாவின் 38 சதவீதமும் சூரிய மின்சாரத்தைச் சேர்த்ததே. அதற்கு முந்தைய 2016 ஆய்வில் இணைப்புள்ள குடும்பங்கள் 32.8 சதவீதமாக இருந்தபோது, அவற்றில் சுமார் நான்கில் மூன்று பங்குதான் மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம் பெற்றன, மீதி ஏறத்தாழ முழுவதும் சூரிய மின்சாரம். ஆகவே எந்த மூலமானாலும் சரி என்ற கேள்விக்கு ஒப்பிட வேண்டிய எண்கள் 70உம் 38உம். 50ஐயும் 38ஐயும் பக்கத்தில் வைத்தால் கென்யாவின் முன்னிலையைப் பாதிக்கு மேல் குறைத்துக் காட்டுவோம். தான்சானிய எண் பெருநிலத்துக்கு மட்டுமே உரியது, சான்சிபார் தீவுகளைச் சேர்க்காதது என்பதை நிலப்பரப்பு நெடுவரிசை நினைவூட்டும். கென்யா கேட்டது வெளிச்ச மூலத்தை, தான்சானியா கேட்டது இணைப்பை என்ற வேறுபாடு இதற்குப் பிறகும் மிஞ்சும். அதை நீக்க வழியில்லை. அடிக்குறிப்பில் சொல்ல வழி இருக்கிறது.

நிலப்பரப்பு என்ற நெடுவரிசை சில நாடுகளுக்கு உயிர்நாடி. 2011 ஜூலையில் தென்சூடான் பிரிந்ததற்கு முன்னும் பின்னும் 'சூடான்' என்ற பெயர் ஒரே மக்கள்திரளைக் குறிப்பதில்லை. 1993இல் எரித்திரியா பிரிவதற்கு முந்தைய எத்தியோப்பியாவுக்கும் இதே கவனம் தேவை.

சூரிய மின்சாரம் பற்றி இன்னொரு சொல். வங்கதேசத்தில் 2003இல் தொடங்கிய வீட்டுச் சூரிய மின் திட்டம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சென்றடைந்தது. மின்கட்டமைப்பு பின்னர் அந்தக் கிராமங்களுக்கும் வந்தபோது பல வீடுகள் தகட்டை விட்டுக் கம்பிக்கு மாறின. திட்டத்தில் விற்ற தகடுகளின் எண்ணிக்கையையும் புதிய மின் இணைப்புகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் ஒரே வீட்டை இருமுறை எண்ணிவிடுவோம். சாதனங்களின் விற்பனைக் கணக்கை வசதியின் கணக்காக மாற்ற முயலவே வேண்டாம். குடும்ப ஆய்வையே நம்பலாம்.

வேகத்தை அளப்பது

இரண்டு கோடுகள் தயாரானதும் "யார் வேகமாக முன்னேறினார்கள்" என்ற கேள்வி தானாக எழும். இதற்கு ஒரே ஒரு அளவைப் பயன்படுத்துவோர் தாம் விரும்பும் நாட்டை வெல்ல வைக்கலாம். அதனால் இரண்டையாவது சேர்த்துக் காட்ட வேண்டும்.

முதலாவது, ஆண்டுக்கு எத்தனை சதவீதப் புள்ளிகள் என்பது. கென்யாவின் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வில் மின்சாரம் உள்ள குடும்பங்கள் 2008-09இல் 23 சதவீதம், 2014இல் 36 சதவீதம். ஐந்தரை ஆண்டில் 13 புள்ளிகள், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4. அதே ஆய்வு வரிசையைச் சேர்ந்த இந்தியக் குடும்பநல ஆய்வில் 67.9இலிருந்து 88.2க்குப் போகப் பத்தாண்டு. ஆண்டுக்கு 2 புள்ளிகள். இந்த அளவில் கென்யா வேகமானது.

இரண்டாவது, மின்சாரம் இல்லாத பகுதி எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பது. கென்யாவில் இல்லாதோர் 77இலிருந்து 64க்குக் குறைந்தனர்; இது ஆண்டுக்குச் சுமார் 3.3 சதவீதச் சுருக்கம். இந்தியாவில் 32.1இலிருந்து 11.8க்குக் குறைந்தது, ஆண்டுக்குச் சுமார் 9.5 சதவீதம். எக்செலில் இதைக் கணக்கிட, இறுதி ஆண்டின் எண்ணைத் தொடக்க ஆண்டின் எண்ணால் வகுத்து, 1ஐ இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்து வருவதை அடுக்காக இட்டு, கிடைப்பதை 1இலிருந்து கழித்தால் போதும். இந்த அளவில் இந்தியா ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமானது.

இரண்டுமே உண்மை. மின்மயமாதல் பொதுவாகச் சாய்ந்த 'எஸ்' வடிவில் நடக்கிறது: நகரங்கள் மட்டும் பெறும் காலத்தில் மெதுவாகவும், நெடுஞ்சாலையோரக் கிராமங்களுக்குப் பரவும் நடுக்காலத்தில் விரைவாகவும், மலைகளும் தீவுகளும் சிதறிய குடியிருப்புகளும் மிஞ்சும் கடைசிக் காலத்தில் மீண்டும் மெதுவாகவும் எண் நகரும். 20இல் நிற்கும் நாட்டையும் 90இல் நிற்கும் நாட்டையும் புள்ளிக் கணக்கில் போட்டிக்கு விடுவது நியாயமன்று. 90இலிருந்து 95க்குப் போன நாடு இருட்டில் இருந்தோரைப் பாதியாக்கியிருக்கிறது. 20இலிருந்து 25க்குப் போன நாடும் அதே 5 புள்ளிகளைத்தான் ஏறியது, ஆனால் அதன் இருட்டு பதினாறில் ஒரு பங்குதான் குறைந்தது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது அதுவே. ஒரு நாடு எட்டிய நிலையை மற்ற நாடு எத்தனை ஆண்டு கழித்து எட்டியது என்று கேட்பதுதான் அது. கென்யா 2014இல் 36 சதவீதத்தில் இருந்தது. தான்சானியா 38ஐத் தொட்டது 2020இல். ஆக, இடைவெளி ஐந்தாறு ஆண்டுகள். புள்ளி வேறுபாட்டைக் கேட்டுத் தலையாட்டும் வாசகருக்கு இது சட்டென்று பிடிபடும். நாட்காட்டி ஆண்டுக்குப் பதிலாக, இரு நாடுகளும் ஒரே நிலையைத் தொட்ட ஆண்டைச் சுழியமாக வைத்துக் கோடுகளை வரைவதும் இதன் நீட்சியே. வியட்நாம் 1975இல் 2.5 சதவீதத்திலிருந்து தொடங்கி 2009இல் 96 சதவீதத்தை எட்டியது. இன்று கீழ்நிலையில் இருக்கும் நாட்டை வியட்நாமோடு நாட்காட்டிப்படி ஒப்பிடுவதைவிட, வியட்நாமின் அந்த 34 ஆண்டுப் பாதையோடு ஒப்பிடுவது பயனுள்ளது.

சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் தலைகள்

சதவீதம் ஏறும்போது இருட்டில் இருப்போரின் எண்ணிக்கையும் ஏறலாம். இரண்டு நாடுகளிலும் இன்று ஒரு கோடி மக்கள், மின்வசதி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் இருப்போர் 80 லட்சம். முதல் நாட்டின் மக்கள்தொகை ஆண்டுக்கு 3 சதவீதமும் இரண்டாவதில் 1 சதவீதமும் கூடுகிறது. பத்தாண்டு கழித்து இரண்டும் 30 சதவீதத்தை அடைகின்றன. வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடு. ஆனால் முதல் நாட்டில் மின்சாரம் பெற்றோர் 20 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்கு இரட்டிப்பாகியும், இருட்டில் இருப்போர் 94 லட்சமாகப் பெருகிவிட்டனர். இரண்டாவதில் 13 லட்சம் பேருக்கு மட்டுமே புதிதாகக் கொடுத்தும் இருட்டில் இருப்போர் 77 லட்சமாகக் குறைந்துவிட்டனர். கடினமாக உழைத்த நாடு எது என்பதைச் சதவீதக் கோடு மறைத்துவிடுகிறது. எனவே சதவீதக் கோட்டுக்குக் கீழே, மின்சாரம் இல்லாத மக்களின் எண்ணிக்கையை இன்னொரு படமாகப் போடுவது நல்லது.

உலக அளவிலும் இது நடந்திருக்கிறது. மின்சாரம் இல்லாதோர் 2021இல் 67.5 கோடியாக இருந்தது, 2022இல் 68.5 கோடியாகக் கூடியது. பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டிருந்த எண் முதன்முறையாகத் திரும்பியது. 2023இல் அது 66.6 கோடி. இவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் வசிக்கிறார்கள். 2022 நிலவரப்படி நைஜீரியாவில் மட்டும் 8.6 கோடி, காங்கோ ஜனநாயகக் குடியரசில் 7.8 கோடி. சதவீதத்தில் நைஜீரியா காங்கோவைவிட வெகுவாக மேலே. தலைக்கணக்கில் நைஜீரியாவே முதலிடம்.

நகர்மயமாதல் செய்யும் மாயமும் இதோடு சேர்ந்தது. நகரத்தில் 90 சதவீதம், கிராமத்தில் 20 சதவீதம் மின்வசதி உள்ள நாட்டில், மக்களில் ஐந்தில் ஒரு பங்கு நகரத்தில் இருந்தால் நாட்டுச் சராசரி 34. ஒரு கிராமத்துக்குக்கூடப் புதிதாகக் கம்பி போகாமல், நகரத்தில் வசிப்போரின் பங்கு ஐந்தில் இரண்டாகி, நகரின் 90 சதவீதமும் அப்படியே இருந்தால் சராசரி 48 ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க, நகர்-கிராமப் பங்கைத் தொடக்க ஆண்டில் இருந்தபடியே நிறுத்திவைத்து இறுதி ஆண்டின் சராசரியை மறுபடி கணக்கிட்டுப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் இங்கே மீண்டும் 34 வரும். உயர்வு முழுவதும் மக்கள் இடம்பெயர்ந்ததால் வந்தது என்று அது சொல்லிவிடும். உண்மையான நாடுகளில் விடை இவ்வளவு துலக்கமாக இராது. ஆனாலும் கிராமத் தொடரைத் தனியாக ஒரு முறை வரைந்து பார்க்காமல் யாரும் ஒப்பீட்டை முடிக்கக்கூடாது என்பது என் கருத்து.

நூறு சதவீதத்துக்குப் பிறகு

இரு நாடுகளும் 100ஐத் தொட்டுவிட்டால் ஒப்பீடு முடிந்துவிட்டதாக நினைக்கத் தோன்றும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மின்வசதித் தொடரில் அந்நாட்டின் எண் ஏறக்குறைய 100. 2021 அக்டோபர் 9 அன்று எரிபொருள் தீர்ந்து இரு பெரிய மின்நிலையங்களும் நின்றுபோனதால் லெபனானின் பொது மின்கட்டமைப்பே அணைந்தது. அங்கும் எண் 100தான். தொடர் பொய் சொல்லவில்லை. இணைப்பு இருக்கிறதா என்று கேட்டது, இருக்கிறது என்ற பதில் வந்தது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் உலக வங்கியின் எரிசக்தித் துறை மேலாண்மை உதவித் திட்டம் 2015இல் பல அடுக்கு அளவுகோலை முன்வைத்தது. சுழியம் முதல் ஐந்து வரையான அடுக்குகளில், திறன், கிடைக்கும் நேரம், தடங்கல், மின்னழுத்தத்தின் தரம், கட்டணம் தாங்கக்கூடியதா, இணைப்பு சட்டப்படியானதா, பாதுகாப்பானதா என்று வீட்டுக்கு வீடு கேட்டு மதிப்பிடுகிறார்கள். முதல் அடுக்குக்கு 3 வாட் திறனும் நாளுக்கு 4 மணி நேரமும் போதும். ஒரு சிறு விளக்கும் கைப்பேசி மின்னேற்றமும் அதற்குள் அடங்கிவிடும். மூன்றாம் அடுக்குக்கு 200 வாட், 8 மணி நேரம். ஐந்தாம் அடுக்குக்கு 2,000 வாட், நாளுக்கு 8.2 யூனிட், 23 மணி நேரம். வழக்கமான தொடரில் முதல் அடுக்கு வீடும் ஐந்தாம் அடுக்கு வீடும் ஒன்றுபோலவே "உண்டு" என்று எண்ணப்படலாம். இந்த அளவுகோலில் ஆய்வு நடந்த நாடுகள் சிலவே. பலவற்றில் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. காலப்போக்கை இதில் காட்ட முடியாது. ஒரு கட்டத்தின் நிலையை விளக்கத்தான் இது உதவும்.

இந்த ஆய்வு இல்லாத இடங்களில் மறைமுகமான அளவுகளை நாடலாம். தலைக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற நுகர்வுக் கணக்கு எளிதில் கிடைக்கும். ஆனால் அதில் ஆலைகளின் பங்கும் கலந்திருப்பதால், ஒரே ஓர் உருக்காலை உள்ள சிறு நாட்டின் வீடுகள் செழிப்பானவையாகத் தோன்றிவிடும். ஆப்பிரிக்க நாடுகளுக்கு 'ஆஃப்ரோபாரோமீட்டர்' கருத்தாய்வு மின்இணைப்பு உண்டா என்பதோடு, மின்சாரம் எவ்வளவு அடிக்கடி உண்மையில் வருகிறது என்றும் கேட்கிறது. அது பல சுற்றுகளாகக் கேட்கப்பட்டு வருவதால் காலப்போக்கைப் பார்க்க ஏற்றது.

இரவில் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களைப் பலர் சான்றாகக் காட்டுகிறார்கள். 1992 முதல் 2013 வரையிலான அமெரிக்கப் பாதுகாப்பு வானிலைச் செயற்கைக்கோள்களின் தொடரும், 2012இலிருந்து கிடைக்கும் புதிய 'வீர்ஸ்' கருவியின் தொடரும் ஒன்றல்ல. பழைய கருவியில் நகர மையங்களின் ஒளி உச்ச அளவில் முட்டி நின்றுவிடும். வீட்டுக்குள் எரியும் மூன்று வாட் விளக்கை இரண்டுமே காணமாட்டா. எனவே இவற்றைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளலாம்.

வரைபடமும் வாசகமும்

வரைபடத்தில் நெடுக்கச்சு சுழியத்தில் தொடங்கி நூறில் முடியட்டும். இரு நாடுகளுக்கும் ஒரே அச்சு. ஆய்வு நடந்த ஆண்டுகளைத் தடித்த புள்ளிகளாகவும் மாதிரி நிரப்பிய ஆண்டுகளைப் புள்ளிக்கோடாகவும் காட்டினால், எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகர் பார்த்தே அறிந்துகொள்வார். பதிவிறக்கிய தேதியைப் படத்தின் அடியில் எழுதுவது அவசியம், ஏனெனில் புதிய ஆய்வு வந்ததும் மாதிரி மறுபடி ஓட்டப்பட்டுப் பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படும். சென்ற ஆண்டு எடுத்த கோப்பும் இன்று எடுக்கும் கோப்பும் 2005ஆம் ஆண்டுக்கு வேறு வேறு எண்களைத் தரக்கூடும். பழைய கோப்பில் ஒரு நாட்டையும் புதிய கோப்பில் மற்ற நாட்டையும் எடுத்து ஒருமுறை நானே படம் வரைந்திருக்கிறேன். தவறு தெரிந்தபோது படம் ஏற்கெனவே பலர் கைக்குப் போயிருந்தது.

காரணம் எழுதும்போது கை சற்றுத் தயங்க வேண்டும். கென்யா 2015இல் வீட்டு இணைப்புக் கட்டணத்தை 35,000 ஷில்லிங்கிலிருந்து 15,000 ஆகக் குறைத்தது. அதன்பின் இணைப்புகள் பெருகின. இரண்டும் உண்மை. ஆனால் அதே காலத்தில் சூரிய மின்தகடுகளை நாள் தவணையில் வாங்கும் முறையும் பரவியது. கட்டணக் குறைப்பின் விளைவைப் பேச விரும்புவோர் 69.7 என்ற கூட்டு எண்ணை விட்டுவிட்டு, மின்கட்டமைப்புக்கு மட்டுமான 50.4ஐயும், 2009 கணக்கெடுப்பில் அதே கேள்விக்குக் கிடைத்த சுமார் 23ஐயும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் முடிவை எழுதும் வாக்கியம் சற்று நீளமாகத்தான் வரும். தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட இரு நாடுகளுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: "எந்த மூலத்திலிருந்தாவது மின்சாரம் பெறும் குடும்பங்கள் கென்யாவில் 2019 கணக்கெடுப்பின்படி சுமார் 70 சதவீதம், தான்சானியப் பெருநிலத்தில் 2020ஐ ஒட்டிய ஆய்வின்படி சுமார் 38 சதவீதம், முன்னது முதன்மை வெளிச்ச மூலத்தையும் பின்னது இணைப்பையும் கேட்டுப் பெறப்பட்டது, கென்யாவின் எண்ணில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சூரிய மின்சாரம்."